கூடு கட்டும் காலத்தில் பறவைகளோடு ஒரே வீட்டில்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பூந்தொட்டிக்குள் ஒரு கிண்ணம் போலக் கூடு, ஏசி பெட்டிக்குப் பின்னால் சுள்ளிக் குவியல், நடைபாதையில் தத்தித் தத்திப் போகும் வாலில்லாத குஞ்சு. இதில் ஏதோ ஒன்றைப் பார்த்த பதற்றத்தில்தான் பெரும்பாலும் இந்தக் கேள்விகள் வருகின்றன. என்னிடம் கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது: கையைக் கட்டிக்கொண்டு ஒரு மணி நேரம் தள்ளி நின்று பாருங்கள். பாதிக் கேள்விகள் அந்த ஒரு மணி நேரத்தில் தாமாகவே தீர்ந்துவிடும். மீதிப் பாதிக்குத்தான் கீழே உள்ள பதில்கள்.

பால்கனியில் ஒரு பறவை கூடு கட்டியிருக்கிறது. எத்தனை நாள் பொறுத்துக்கொள்ள வேண்டும்?

சிறிய பறவை என்றால் ஏறக்குறைய ஒரு மாதம். சிட்டுக்குருவி 10 முதல் 14 நாள் அடைகாக்கும். பொரித்த குஞ்சுகள் இன்னும் இரண்டு வாரத்தில் கூட்டை விட்டு வெளியேறும். தையல்சிட்டு, கொண்டைக்குருவி, தேன்சிட்டு எல்லாம் ஏறத்தாழ இதே கணக்கு, சில நாள் முன்னே பின்னே. காகத்துக்கு அடைகாக்க 16, 17 நாள், குஞ்சு பறக்க மேலும் மூன்று நான்கு வாரம். மாடப்புறா 18 நாள் போல அடைகாத்து, அப்புறம் ஒரு மாதம் வரை குஞ்சுகளைக் கூட்டிலேயே வைத்திருக்கும்.

நாள்காட்டியில் குறித்து வையுங்கள். முடிகிற தேதி தெரிந்துவிட்டால், துணி காயப்போட இடமில்லை என்ற எரிச்சல் பாதியாகக் குறைந்துவிடும்.

முட்டைகள் இருக்கின்றன, தாயைக் காணவே காணோம். கைவிட்டுப் போய்விட்டதா?

அநேகமாக இல்லை. சிறு பறவைகள் நாளைக்கு ஒரு முட்டை வீதம் இடும், பெரும்பாலும் காலையில். கடைசி முட்டையோ அதற்கு முந்தையதோ வரும் வரை பல பறவைகள் முழு நேரமும் உட்காராது. முதல் முட்டைக்கு உடனே சூடு கொடுத்தால் அது மட்டும் முந்திப் பொரித்துவிடும். எல்லாக் குஞ்சுகளும் ஒரே நேரத்தில் வெளிவருவதற்கான ஏற்பாடு இது. அதனால் முட்டைகள் இரண்டு மூன்று நாள் குளிர்ந்து கிடப்பது வழக்கமான விஷயம்தான். கரு வளர்ச்சி தொடங்காத முட்டைக்கு அதனால் கேடில்லை.

அடைகாக்கத் தொடங்கிய பிறகும் தாய் இரை தேடி எழுந்து போகும். நீங்கள் கூட்டருகே நிற்கிறீர்கள் என்பதற்காகவே அது வராமல் எதிர்க் கம்பியில் காத்திருக்கலாம். உள்ளே போய் ஜன்னல் திரைக்குப் பின்னால் நின்று பாருங்கள். ஒரு முழுப் பகல் யாரும் வரவில்லை, இரவிலும் கூடு காலி என்றால்தான் சந்தேகப்பட வேண்டும். அப்போதும் முட்டையை எடுத்து விளக்கின் கீழ் வைத்துப் பொரிக்க முயல வேண்டாம். சரியான சூடு, ஈரப்பதம், நாளுக்குப் பல முறை திருப்பிவிடுவது, பொரித்தபின் விடியலிலிருந்து இருட்டும் வரை ஓயாத இரை என்று அது முழுநேர வேலை. கருணையோடு தொடங்கிப் பாதியில் நின்றுபோகும்.

மனிதக் கை பட்டால் தாய் குஞ்சைச் சேர்க்காது என்று பாட்டி சொல்வார்களே?

பிள்ளைகள் கூட்டைத் தொடாமல் இருக்கச் சொல்லப்பட்ட நல்ல பொய் என்று நினைக்கிறேன். பறவைகளுக்கு மோப்பமே கிடையாது என்பது சரியில்லை, ஆனால் நம் வாசனை ஒட்டியதற்காக அவை குஞ்சைத் தள்ளிவைப்பதில்லை. அவற்றை விரட்டுவது நம் நடமாட்டம். கூடு கட்டும் நாட்களிலும் அடைகாக்கும் தொடக்கத்திலும் திரும்பத் திரும்பத் தொந்தரவு செய்தால், இந்த இடம் ஆகாது என்று விட்டுப் போய்விடலாம். குஞ்சு பொரித்துவிட்டால் அவ்வளவு எளிதில் விடாது.

குஞ்சு ஒன்று கீழே கிடக்கிறது. எடுத்து வளர்க்கலாமா?

முதலில் அதன் உடம்பைப் பாருங்கள். இரண்டு விதக் குஞ்சுகள் உண்டு, இரண்டுக்கும் செய்ய வேண்டியது நேர்மாறு.

தோல் தெரிகிறது, கண் திறக்கவில்லை அல்லது இறகுகள் இன்னும் ஈர்க்குச்சி போல உறைக்குள் இருக்கின்றன, நிற்கத் தெரியவில்லை. இது கூட்டில் இருக்க வேண்டிய குஞ்சு. காற்றிலோ நெரிசலிலோ விழுந்திருக்கும். தொட்டுப் பாருங்கள், குளிர்ந்திருந்தால் இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துச் சூடேற்றுங்கள். இதை யாரும் சொல்வதில்லை, ஆனால் முக்கியம். குளிர்ந்த குஞ்சால் வாய் பிளக்க முடியாது. பெற்றோர் இரை கொடுப்பது பிளந்த வாய்க்குத்தான். உடம்பு சூடாகி அசையத் தொடங்கியதும் கூட்டில் விட்டுவிடுங்கள். கூடு லேசாக அதிர்ந்ததுமே உள்ளே இருப்பவை எல்லாம் கழுத்தை நீட்டி, உட்பக்கம் பளிச்சென்று நிறம் தெரிய வாயைப் பிளந்து ஆடும். நீங்கள் விட்டதும் அந்த வாய்களில் ஒன்றாகிவிட்டால் ஆபத்து தாண்டியது.

உடம்பெல்லாம் இறகு, வால் மட்டும் கட்டை, கண்ணை உருட்டிப் பார்க்கிறது, தத்துகிறது, தாழ்ந்த கிளைக்குத் தாவுகிறது. இது விழுந்த குஞ்சு இல்லை, வெளியே வந்துவிட்ட குஞ்சு. பறக்கப் பழகும் முன் சில நாட்களைத் தரையிலும் புதரிலும் கழிப்பது பல இனங்களின் வழக்கம். பெற்றோர் அங்கேயே வந்து ஊட்டும். இதைப் பிடித்துக் கூட்டில் வைத்தால் மறுபடி குதிக்கும். வண்டி போகிற இடம் என்றால் பத்தடி தள்ளி ஒரு புதருக்குள் விட்டுவிட்டு நகர்ந்துவிடுங்கள். "அநாதைக் குஞ்சு ஒன்று கிடைத்தது, காப்பாற்றிவிட்டேன்" என்று என்னிடம் காட்டப்பட்ட பெரும்பாலான குஞ்சுகள் இந்த வகைதான். இரையோடு வந்த தாய் அந்த இடத்தில் கத்திக்கொண்டிருந்திருக்கும், பாவம்.

காயம், ரத்தம், தொங்கும் இறக்கை, பூனை கவ்வியது என்றால் கதை வேறு. காற்றுத் துளையிட்ட அட்டைப்பெட்டியில் துணி விரித்து, இருட்டாக, சத்தமில்லாத இடத்தில் வைத்து, காட்டுப் பறவை பார்க்கும் கால்நடை மருத்துவரிடமோ மீட்பு மையத்திடமோ கொண்டுபோங்கள். பூனைப் பல் பட்ட பறவை வெளியே நன்றாகத் தெரிந்தாலும் காட்டியே ஆக வேண்டும். பூனையின் வாயில் உள்ள கிருமிகள் ஓரிரு நாளிலேயே கொன்றுவிடும்.

அதுவரை ஒரு சொட்டுத் தண்ணீராவது?

வேண்டாம். பறவையின் மூச்சுக்குழல் நாக்கின் வேருக்குப் பின்னாலேயே திறக்கிறது. சொட்டு சொட்டாக ஊற்றும் தண்ணீர் நேரே நுரையீரலுக்குப் போய்விடும். பாலும் ரொட்டியும் அதைவிட மோசம்.

காற்றில் கூடே அறுந்து விழுந்துவிட்டது. குஞ்சுகள் உயிரோடு இருக்கின்றன.

சிறு பெட்டி, கூடை, பிளாஸ்டிக் டப்பா ஏதாவது ஒன்றில் அடியில் துளை போட்டு, விழுந்த கூட்டை அப்படியே உள்ளே வைத்து, பழைய இடத்துக்கு எவ்வளவு அருகில் முடியுமோ அவ்வளவு அருகில் கட்டுங்கள். உயரமும் ஏறத்தாழ அதேதான் இருக்கட்டும். மழைத் தண்ணீர் தேங்கக் கூடாது, உச்சி வெயில் படக் கூடாது. பெற்றோர் குஞ்சின் குரலைத் தேடி வந்துவிடும்.

தினமும் எட்டிப் பார்க்கலாமா? போட்டோ எடுக்கலாமா?

நான் இதில் ஒரு முறை சூடு பட்டவன். குரோட்டன்ஸ் தொட்டியில் கொண்டைக்குருவி கட்டிய கூடு. எனக்குக் கிடைத்த முதல் கூடு. ஒரு நாளைக்கு ஏழெட்டு முறை போய் இலையை விலக்கிப் பார்ப்பேன், செல்போனில் படம் பிடிப்பேன். படத்தில் மறைக்கிறதே என்று இரண்டு இலையைக் கிள்ளியும் விட்டேன். எதிர் மாடிக் கைப்பிடிச் சுவரில் ஒரு காகம் உட்கார்ந்து என்னைக் கவனித்துக்கொண்டிருந்தது எனக்கு உறைக்கவே இல்லை. குஞ்சு பொரித்த ஐந்தாம் நாள் கூடு காலி. தாய் அலகில் ஒரு பச்சைப் புழுவோடு வந்து கூட்டின் விளிம்பில் உட்காரும், உள்ளே பார்க்கும், கம்பிக்குத் திரும்பும். மறுபடி வரும். புழுவை விழுங்கவும் இல்லை, கீழே போடவும் இல்லை.

காகம் மனிதர்களைப் பார்த்துக் கற்றுக்கொள்கிறது. ஒருவர் ஒரே புதரருகே அடிக்கடி குனிந்தால் அங்கே ஏதோ இருக்கிறது என்று அதற்குத் தெரியும். எனவே: நாளைக்கு ஒரு முறை போதும், அதுவும் தள்ளி நின்று. அருகில் காகமோ பூனையோ இருந்தால் அன்று பார்க்கவே வேண்டாம். கூட்டருகே போய் நின்று திரும்புவதைவிட, நிற்காமல் கடந்து போவது நல்லது. இலையைக் கிள்ளாதீர்கள். பிளாஷ் போடாதீர்கள். குஞ்சுகள் இறகு மூடிப் பறக்கும் தறுவாயில் இருக்கும்போது அறவே நெருங்காதீர்கள். பயத்தில் இரண்டு நாள் முன்னதாகவே குதித்துவிடும்.

தெருவில் போனால் காகம் மண்டையில் கொத்துகிறது. என்மேல் என்ன கோபம்?

மேலே கூடு இருக்கும், அல்லது கீழே புதரில் அதன் குஞ்சு தத்திக்கொண்டிருக்கும். குஞ்சு வெளியே வந்த முதல் வாரம்தான் தாக்குதல் உச்சத்தில் இருக்கும். முடிந்தால் வேறு வழியில் போங்கள், முடியாவிட்டால் குடை பிடியுங்கள். பெரும்பாலும் பின்னாலிருந்துதான் வரும், திரும்பி அதைப் பார்த்தபடி நடந்தால் தயங்கும். ஆஸ்திரேலியாவில் மேக்பை பறவைகளும் இதையே செய்கின்றன. ஆண்டுதோறும் அங்கே எச்சரிக்கைப் பலகை வைக்கும் அளவுக்கு.

கல் மட்டும் எறியாதீர்கள். அமெரிக்காவின் சியாட்டிலில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த காக ஆய்வாளர் ஜான் மார்ஸ்லஃப் குழுவினர் 2006-இல் ஒரு குகைமனித முகமூடியைப் போட்டுக்கொண்டு சில காகங்களைப் பிடித்து, காலில் அடையாள வளையமிட்டு விட்டார்கள். பிறகு யார் அந்த முகமூடியை மாட்டிக்கொண்டு நடந்தாலும் காகங்கள் கூடிக் கரைந்து துரத்தின. ஆண்டுகள் போகப் போக, பிடிபடாத காகங்களும் சேர்ந்துகொண்டன. உங்கள் முகமும் அப்படி ஊரெல்லாம் பரவ வேண்டாமே.

ஒரு குருவி நாளெல்லாம் ஜன்னல் கண்ணாடியைக் கொத்துகிறது.

அதன் பிம்பத்தைப் போட்டிக்கு வந்த இன்னொரு ஆண் என்று நினைத்துச் சண்டை போடுகிறது. உள்ளே திரை போட்டால் பிம்பம் இன்னும் தெளிவாகும். வெளிப்பக்கம் துணியோ செய்தித்தாளோ ஒட்டுங்கள். பைக் கண்ணாடிக்கு ஒரு பழைய சாக்ஸ் போதும்.

புறாக்களை என்ன செய்வது? எச்சம், நாற்றம், நோய் என்கிறார்கள்.

சிறு பறவைகளின் கூட்டில் எச்சம் சேராது. குஞ்சு பின்பக்கத்தைத் தூக்கும். வெள்ளையாக, மெல்லிய தோல் போர்த்திய ஒரு சிறு பை வெளியே வரும். தாய் அதை அப்படியே அலகில் வாங்கிக்கொண்டு போய்த் தொலைவில் போட்டுவிட்டு வரும். பார்க்க அவ்வளவு ஒழுங்கு. புறா அந்த ஜாதி இல்லை. குஞ்சின் எச்சம் கூட்டைச் சுற்றிச் சிமென்ட் போல இறுகும், அதன்மேலேயே அடுத்த முட்டையும் வரும். சில சமயம் முதல் ஜோடிக் குஞ்சுகள் இருக்கும்போதே.

எனவே புறாவைப் பொறுத்தவரை நேரம்தான் எல்லாம். இரண்டு குச்சி மட்டும் கிடக்கும் கட்டத்தில் தினமும் அகற்றுங்கள், சலிக்காமல். முட்டை வந்துவிட்டால் ஒன்றரை மாதம் விட்டுவிடுங்கள். குஞ்சுகள் பறந்த அன்றே சுத்தம் செய்து, உள்ளே எதுவும் மாட்டிக்கொள்ளவில்லை என்று உறுதி செய்துகொண்டு வலை அடியுங்கள். குஞ்சை உள்ளே வைத்து அடைத்த வலையைவிடக் கொடுமையான காட்சி கிடையாது.

நோய் பற்றி: பயம் வேண்டாம், அலட்சியமும் வேண்டாம். காய்ந்த எச்சத்தைப் பெருக்கினால் தூசி எழும். கிருமியும் பூஞ்சையும் அதில்தான் வரும். முதலில் தண்ணீர் தெளித்து நன்றாக ஊறவிட்டு, கையுறையும் என்95 மாஸ்க்கும் போட்டுக்கொண்டு வழித்தெடுங்கள். புறாத் தூசியை நெடுநாள் சுவாசிப்பதால் சிலருக்கு நுரையீரல் ஒவ்வாமை வருவது உண்மை. வீட்டில் ஆஸ்துமாக்காரர் இருந்தால் புறாவை முதல் குச்சியிலேயே நிறுத்திவிடுவதுதான் இரு தரப்புக்கும் நல்லது.

காகக் கூட்டில் குயில் குஞ்சு. எடுத்துக் காகத்துக்கு உதவலாமா?

எதற்கு? குயிலும் பிழைக்க வேண்டும் இல்லையா. காகமும் குயிலும் நெடுங்காலமாக ஆடிவரும் ஆட்டம் இது. குயில் தன் குஞ்சை வளர்க்க வேறு வழி வைத்துக்கொள்ளவில்லை. ஐரோப்பாவில் உள்ள குயில் இனமான குக்கூவின் குஞ்சு கண் திறக்கும் முன்பே மற்ற முட்டைகளை முதுகில் ஏந்தி வெளியே தள்ளிவிடும். இதை 1788-இல் முதலில் விவரித்து எழுதியவர் பின்னாளில் பெரியம்மை தடுப்பூசி தந்த எட்வர்ட் ஜென்னர். நம் குயில் குஞ்சு பொதுவாக அவ்வளவு தூரம் போவதில்லை. காகக் குஞ்சுகளும் அதனோடு சேர்ந்து வளர்வதுண்டு.

எங்கள் வீட்டுப் பூனை...

குஞ்சுகள் வெளியேறும் அந்த ஒரு வாரம் பூனையை வீட்டுக்குள் வையுங்கள். கழுத்து மணி கட்டியிருக்கிறோமே என்பார்கள். பறக்கத் தெரியாத குஞ்சுக்கு மணி கேட்டு என்ன ஆகப்போகிறது?

கூடு கட்ட நாமே பஞ்சு, நூல் வைத்துக் கொடுக்கலாமா?

காய்ந்த புல், தென்னை நார், சருகு, ஈர மண் வைக்கலாம். நூல், தலைமுடி, மாஞ்சா, பிளாஸ்டிக் இழை கூடாது. குஞ்சின் காலில் சுற்றி, கால் வளர வளர இறுகி, காலையே இழக்க வைத்துவிடும். அவை தாமாக எதை எடுக்கும் என்பது வேறு வேடிக்கை: மெக்சிகோ நகரத்துச் சிட்டுக்குருவிகள் சிகரெட் துண்டுகளின் பஞ்சைக் கூட்டில் வைத்திருந்தன. அதிகம் வைத்த கூடுகளில் உண்ணிகள் குறைவாக இருந்ததை ஆய்வாளர்கள் கண்டார்கள். அதற்காக நாம் சிகரெட் துண்டு வைக்க வேண்டியதில்லை, அதில் உள்ள நச்சு குஞ்சுக்கும் நச்சுதான்.

செடிகளுக்குப் பூச்சிமருந்து அடிக்கலாமா?

இந்தக் காலத்தில் வேண்டாம். தானியம் தின்னும் சிட்டுக்குருவிகூடக் குஞ்சுக்குப் புழு பூச்சிதான் கொடுக்கும். வட அமெரிக்காவின் சிக்கடீ என்ற சின்னஞ்சிறு பறவை ஓர் ஈட்டுக் குஞ்சுகளை, அதாவது ஒரு முறை இட்ட முட்டைகளில் பொரித்தவற்றை, வளர்க்க 6000 முதல் 9000 கம்பளிப்புழுக்கள் வரை பிடிக்கிறது. நீங்கள் காசு கொடுத்து அடிக்கும் மருந்தின் வேலையைத்தான் அது இலவசமாகச் செய்துகொண்டிருக்கிறது. புறா மட்டும் விதிவிலக்கு: தொண்டைப் பையில் சுரக்கும் ஒரு வகைப் பாலை ஆணும் பெண்ணும் ஊட்டும்.

கூட்டுப்பெட்டி வைத்தேன், ஒன்றுமே வரவில்லை.

சிட்டுக்குருவிக்கு என்றால் துளை 32 மில்லிமீட்டர் இருக்கட்டும். பெரிதானால் மைனா வந்து உட்காரும். துளைக்குக் கீழே அழகுக்கு வைக்கும் குச்சியைப் பிடுங்கி எறியுங்கள். குருவிக்கு அது தேவையில்லை, வேட்டையாடி வருகிறவனுக்குத்தான் படிக்கட்டு. பிற்பகல் வெயில் படாத சுவரில், ஆள் உயரத்துக்கு மேலே, அடியில் வடிகால் துளையோடு மாட்டுங்கள். உள்ளே பெயின்ட் வேண்டாம். அப்புறம் மறந்துவிடுங்கள். முதல் பருவத்தில் வராதது அடுத்த பருவத்தில் வரலாம்.

மொட்டைமாடிச் சரளையில் ஆள்காட்டிக் குருவி முட்டையிட்டிருக்கிறது. கூடே இல்லையே?

அதுதான் கூடு. நான்கு முட்டைகள், சரளையோடு சரளையாக. கத்தும், பாயும், இறக்கையை விரித்துக் காட்டி உங்களைத் திசைதிருப்பும். கடும் வெயிலில் எங்காவது போய் வயிற்று இறகை நனைத்துக்கொண்டு வந்து முட்டைமேல் உட்காரும். குஞ்சுகள் பொரித்த சில மணி நேரத்தில் நடக்கும், ஆனால் பறக்க ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். அந்த நாளில் கைப்பிடிச் சுவர் இல்லாத மாடி என்றால் ஒரு பலகையோ வலையோ வைத்து விளிம்பை மறையுங்கள். தட்டையான தட்டில் தண்ணீர், நடுவில் ஒரு கல்.

மரக்கிளை வெட்ட வேண்டும், சுவருக்கு பெயின்ட் அடிக்க வேண்டும். சட்டச் சிக்கல் வருமா?

வரலாம். இந்தியாவில் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் முட்டையைச் சேதப்படுத்துவதையும் கூட்டைக் கலைப்பதையும் வேட்டை என்ற சொல்லுக்குள்ளேயே வைத்திருக்கிறது. பிரிட்டனில் 1981-ஆம் ஆண்டுச் சட்டப்படி கட்டிக்கொண்டிருக்கும் கூட்டை அழிப்பதும் குற்றம். அமெரிக்காவில் 1918-இலிருந்தே சட்டம் உண்டு, ஆனால் மாடப்புறாவும் சிட்டுக்குருவியும் அதற்குள் வராது. எந்த நாடானாலும் உள்ளூர் வனத்துறையைக் கேட்பது நல்லது. நடைமுறையில், ஆட்களை வரச்சொல்லும் முன் அரைமணி நேரம் மரத்தைப் பாருங்கள். அலகில் எதையோ வைத்துக்கொண்டு ஒரே கிளைக்குத் திரும்பத் திரும்பப் போகும் பறவை இருந்தால் அந்த வேலையை அடுத்த மாதத்துக்குத் தள்ளுங்கள்.

எல்லாம் பறந்துவிட்டன. கூட்டை எடுத்துவிடலாமா?

புறாவைத் தவிர மற்றவற்றுக்குப் பத்து நாள் பொறுங்கள், இரண்டாவது ஈடு வைக்கலாம். தகைவிலான் கட்டிய மண்கூடு என்றால் விட்டே வையுங்கள், அடுத்த ஆண்டும் அதே கூட்டுக்கு வரும். தேன்சிட்டு, கொண்டைக்குருவி போன்றவை பொதுவாகப் புதிதாகத்தான் கட்டும். பெட்டி என்றால் பழையதை வழித்து, கொதிநீர் ஊற்றிக் காயவிடுங்கள். உண்ணி இருக்கும், வெறுங்கையால் தொட வேண்டாம்.

தேன்சிட்டுக் கூடு ஒன்றைக் கையுறை போட்டுக்கொண்டு ஒரு முறை பிரித்துப் பார்த்தேன். சிலந்தி வலையால் சுற்றிய மரப்பட்டைச் சீவல்கள், புழுவின் எச்சம், காய்ந்த பூவிதழ், உள்ளே எருக்கம்பஞ்சு. நடுவில் எங்கள் வீட்டு மிதியடியின் பச்சை இழை ஒன்று.